நீல ஜெல் தடவாததால்தான் ஃபில்லிங் விழுந்ததா?

கேள்வி: ஈறு ஓரமாகத் தேய்ந்த பல்லில் பல் நிறத்திலேயே ஃபில்லிங் வைத்தார்கள். ஆறே மாதத்தில் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. முன்பு வேறொரு பல்லுக்கு நீல நிற ஜெல் தடவிக் கழுவிவிட்டு அடைத்தார்கள், அது இன்றும் நிற்கிறது. இந்த முறை ஜெல்லே தடவவில்லை. அதுதான் காரணமா?

பதில்: ஜெல் மீது பழி போட அவசரப்பட வேண்டாம். உங்கள் இரண்டு ஃபில்லிங்கும் ஒட்டியிருந்த இடம் ஒன்றல்ல.

அந்த நீல ஜெல் பாஸ்பாரிக் அமிலம். பெரும்பாலும் 35 முதல் 37 சதவீதம். பல்லின் மேலோடான எனாமல் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. அமிலம் பட்டதும் அதில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுகின்றன. கழுவி உலர்த்தினால் அந்த இடம் மட்டும் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். பசை பள்ளங்களுக்குள் இறங்கி, நீல வெளிச்சத்தில் இறுகி, அங்கேயே மாட்டிக்கொள்ளும். அமிலத்தால் பள்ளம் போட்டு ஒட்டும் இந்த வழியை 1955-ல் காட்டியவர் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவ ஆய்வாளர். எனாமலைப் பொறுத்தவரை இன்றும் இதை மிஞ்ச ஆளில்லை.

ஈறு ஓரத்தில் கதையே வேறு. அங்கே எனாமல் மெலிந்து, தேய்ந்த குழியில் பெரும்பகுதி, எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் என்ற அடுக்குதான் இருக்கும். டென்டினில் கொலாஜன் என்ற புரத இழைகளும் நீரும் உண்டு. அமிலம் தாதுவைக் கரைத்ததும் இழைகள் வெறும் வலையாக நிற்கும். பசை அதற்குள் ஊறிப் பின்னிக்கொள்ள வேண்டும். அதிகமாகக் காற்றடித்து உலர்த்தினால் வலை படுத்துவிடும், பசை உள்ளே போகாது. ஈரம் மிஞ்சினாலோ பசை நீர்த்துப்போகும். இந்தப் பக்குவம் பிடிபடுவது லேசில்லை. போதாததற்கு, வருடக்கணக்கில் தேய்ந்த டென்டின் கெட்டிப்பட்டு, அதிலுள்ள நுண்குழாய்களும் தாதுவால் அடைபட்டிருக்கும்.

இந்தத் தலைவலிக்காகவே ஜெல் இல்லாமல் ஒட்டும் பசைகள் வந்தன. அவற்றில் அமிலத் தன்மை பசைக்குள்ளேயே இருக்கிறது. எம்டிபி என்ற மூலக்கூறு சேர்ந்தவை பல்லின் கால்சியத்தோடு வேதியியல் ரீதியாகவே பிணைகின்றன. ஆக, ஜெல் தடவாதது தவறில்லை. எனாமல் ஓரத்துக்கு மட்டும் ஜெல் வைத்து, மீதிக்கு இந்தப் பசையைப் பூசுவது நல்ல முறை என்பது என் கருத்து.

என் சந்தேகமெல்லாம் ஈரத்தின் மேல்தான். ஈறு ஓரத்தில் எச்சில், ஈறிலிருந்து கசியும் நீர், சில சமயம் ரத்தமும் வரும். பசை பூசிய இடத்தில் இதில் ஏதாவது பட்டால் பிடிப்பு போச்சு. அடுத்த முறை ரப்பர் டேம் (பல்லைச் சுற்றி எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் திரை) கட்டியோ, ஈறு இடுக்கில் நூல் வைத்தோ அடைக்க முடியுமா என்று கேளுங்கள். ஈறு வீங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். இரவில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த இடத்தை உலர வைக்கவே முடியாது என்றால் கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகை அடைப்புப் பொருளை வைக்கலாம். அழகு கொஞ்சம் குறையும், பிடிப்பு நன்றாக இருக்கும்.

அப்புறம், பல் வெளுக்க பிளீச்சிங் செய்திருந்தால் மறைக்காதீர்கள். அதன் ஆக்சிஜன் மிச்சம் பசையை இறுகவிடாது. இரண்டு வாரமாவது கழித்து அடைப்பதே சரி.