அடுத்து வரும் மணி எது?

கேள்வி: என் நான்கு வயது மகள், சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என நான் அடுக்கும் மணிகளைப் பார்த்து அப்படியே அடுக்குகிறாள், ஆனால் அடுத்து எது வரும் என்று கேட்டால் விழிக்கிறாள். இது குறையா?

பதில்: குறையன்று. பார்த்து அடுக்கக் கண் போதும். தொடர்ந்து அடுக்கவோ, திரும்பத் திரும்ப வரும் பகுதி எது என்பதை மனம் பிரித்தறிய வேண்டும். ஆகவே அந்தப் பகுதி மூன்று முறையாவது முழுமையாக வந்த பின்னரே கேளுங்கள். இரண்டே மணிகளைக் கண்டு பெரியவர்களாலும் விதியை உறுதியாகச் சொல்ல இயலாது. பிறகு அதே வரிசையைக் கைதட்டல், தொடைதட்டல் என மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். நிறம் மறைந்தும் ஒழுங்கு மாறவில்லை என்று அவள் உணர்வதையே நான் முக்கியமான கட்டமாகக் கருதுகிறேன். இடையில் ஒரு மணியை வேண்டுமென்றே தவறாக வைத்தும் பாருங்கள். பெரியவரின் பிழையைத் திருத்துவதில் குழந்தைகளுக்குத் தனி உற்சாகம் உண்டு. சிவப்பு, சிவப்பு, நீலம் போன்ற வரிசைகள் அதன் பின்னர் வரட்டும்.