பஸ்ஸுக்கு ஆஃப், டாக்ஸிக்கு அவுட்

லண்டன் டாக்ஸியிலிருந்து இறங்க 'கெட் டவுன் ஹியர்' என்றதும் டிரைவர் விழித்தார் என்று எழுதியிருந்தீர்கள். தப்பு உங்களுடையது மட்டுமில்லை, நம்மில் பலர் அப்படித்தான் பேசுகிறோம். தமிழில் எல்லா வண்டிக்கும் ஏறு, இறங்கு போதும். ஆங்கிலத்தில் 'கெட் டவுன்' என்றால் ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ கீழே வருவது. சத்தமாகச் சொன்னால் 'குனி, தரையோடு படு' என்றும் ஆகிவிடும்!

வண்டிக்குள் எழுந்து நடக்க முடியுமா என்று பாருங்கள். பஸ், ரயில், விமானம், கப்பல் என்றால் கெட் ஆன், கெட் ஆஃப். குனிந்து நுழைந்து உட்காரும் காருக்கும் டாக்ஸிக்கும் கெட் இன், கெட் அவுட். லண்டன் கறுப்பு டாக்ஸி கொஞ்சம் உயரம்தான், ஆனாலும் இன், அவுட்தான். சைக்கிள், பைக், குதிரை? மேலே உட்காருகிறோம், அதனால் ஆன், ஆஃப். சின்னப் படகு மட்டும் கார் கட்சி.

'கெட் அவுட்' திட்டுவது போல இருக்கிறதே என்ற உங்கள் தயக்கம் புரிகிறது. தனியாகக் கத்தினால்தான் திட்டு. 'ஐ வில் கெட் அவுட் ஹியர், ப்ளீஸ்' என்று தாராளமாகச் சொல்லுங்கள்.