தாங்கக்கூடிய சுமையிலேயே உலோகம் ஏன் உடைகிறது?

கேள்வி: பல ஆண்டுகள் நன்றாக உழைத்த ஓர் உலோகப் பாகம், வழக்கமான சுமையிலேயே திடீரென முறிவது எப்படி?

இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். சுமை எவ்வளவு என்பதோடு, அது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதும் முக்கியம். கம்பியை ஒருமுறை வளைத்தால் முறியாது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும்.

உலோகம் நுண்ணிய படிகங்களால் ஆனது. சுமை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சில படிகங்களில் அணு அடுக்குகள் சற்றே வழுக்குகின்றன. முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இது சேர்ந்து சேர்ந்து, பெரும்பாலும் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத விரிசலாகிறது. விரிசலின் கூர்முனையில் தகைவு, அதாவது ஒரு குறிப்பிட்ட பரப்பில் விழும் உள்விசை, குவிவதால் அது மெல்ல வளர்கிறது. மிச்சமிருக்கும் உலோகத்தால் சுமையைத் தாங்க முடியாத கட்டத்தில்தான் அந்தத் திடீர் முறிவு. நமக்குத் திடீர், உலோகத்துக்கு அது நெடுங்கதை.

ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகளை வைத்து இதை முறையாக ஆராய்ந்தார். எஃகில் ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே சோர்வு கிட்டத்தட்ட இல்லை. அலுமினியத்தில் அப்படித் தெளிவான எல்லை கிடையாது.

இதன் விலை 1954இல் தெரிந்தது. காமெட் பயணிகள் விமானங்கள் இரண்டு, சில மாத இடைவெளியில் நடுவானில் சிதறின. இன்னொரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஒவ்வொரு பறப்பிலும் விமானத்துக்குள் ஏறி இறங்கும் காற்றழுத்தத்தைப் போலவே அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். ஒரு திறப்பின் மூலையருகே அது கிழிந்தது. விமானத்தின் வயதை ஆண்டுகளோடு, எத்தனை முறை பறந்தது என்ற எண்ணிக்கையாலும் கணக்கிடுவது இதனால்தான்.