புங்குடுதீவில் 40 வீடுகள்: வீதிக்கு முந்தித் தண்ணீர்க் கணக்கு

கேள்வி: யாழ்ப்பாணத்தை அடுத்த புங்குடுதீவில் ஒரு பழைய தோட்டக்காணியில் 40 வீடுகள் கட்ட எங்கள் ஊர்ச் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. பாதி வீடுகள் ஊரிலுள்ள குடும்பங்களுக்கு. மீதி, கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்துபோகும் எங்களுக்கு. வீதியைப் போட்டுவிட்டால் தண்ணீரும் மின்சாரமும் தானாக வரும் என்கிறார்கள். எந்த ஒழுங்கில் திட்டமிட வேண்டும்?

பதில்: வீதி பிறகு. காணியை 40 ஆகப் பிரித்துப் படம் கீறுவதையும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். தீவில் எத்தனை வீடுகள் நிற்கலாம் என்பதைக் காணியின் பரப்பு தீர்மானிப்பதில்லை. அதன் அடியில் இருக்கும் நன்னீரே தீர்மானிக்கிறது.

மாரிமழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள பாரமான உவர்நீரின்மேல் பாலாடைபோல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நீரியலாளர்களின் பொதுக் கணக்கு. இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை 3 அங்குலம் இறக்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உவர் 10 அடி ஏறும். ஏறிய உவரை இறக்க ஒரு மாரி போதாது.

ஆகவே காணியிலும் சுற்றிலும் உள்ள பழைய கிணறுகளின் நீரைப் பரிசோதியுங்கள். தை மாதத்தில் குடித்துப் பார்த்து "நல்ல தண்ணீர்" என்று முடிவெடுக்க வேண்டாம். ஆவணி, புரட்டாதியில், நிலம் காய்ந்து கிடக்கும்போது, நீரில் எவ்வளவு உப்பு உண்டு என்று காட்டும் மின்கடத்துதிறனை அளக்க வேண்டும். அந்த அளவுதான் திட்டத்துக்கு உதவும்.

உங்கள் கேள்வியில் நான் அதிகம் கவலைப்படும் இடம் "வந்துபோகும் எங்களுக்கு" என்பதுதான். நீங்கள் எப்போது வருவீர்கள்? பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஆடி, ஆவணியில். ஊர் ஆண்டிலேயே மிக வறண்டு கிடப்பதும் அப்போதுதான். பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் இருப்பார்கள். சராசரிப் பாவனையை வைத்துத் தாங்கி கட்டினால் அந்த ஆறு வாரங்களில் ஊரில் நிரந்தரமாக வாழும் குடும்பங்களின் கிணறுகள்தான் உவராகும். அவர்களுக்கு வேறு கிணறு இல்லை. கணக்கை ஆவணி மாதத்துக்கே போடுங்கள்.

40 வீடுகள், வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 120 லீற்றர் என்று வைத்தாலே நாளுக்கு 24,000 லீற்றர். 6,000 லீற்றர் பவுசர் (தண்ணீர் லொறி) தினமும் 4 தடவை வரவேண்டும். அது நடக்கிற காரியமல்ல. யாழ்ப்பாண மாவட்டத்தின் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. ஆனால் உங்கள் காணி வாசலுக்கு எந்த ஆண்டில், நாளுக்கு எத்தனை மணிநேரம் தண்ணீர் வரும் என்பதை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் வராததைத் திட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீரை நம்பலாம். ஐந்து பேருக்கு நாளுக்கு 35 லீற்றர் வீதம், 240 நாள் வறட்சிக்கு 8,400 லீற்றர் வேண்டும். வீட்டுக்கு 10,000 லீற்றர் தாங்கி ஒன்றை அத்திவாரத்தோடு சேர்த்தே கட்டிவிடுங்கள். கார்த்திகை மழையில் ஒரு சாதாரண ஓட்டுக்கூரையே அதை நிரப்பிவிடும்.

அடுத்தது மலக்குழி. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது பல ஆய்வுகளில் பதிவானது. உரத்தோடு மலக்குழிகளும் அதற்குக் காரணம். சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் அழுக்கு வடிகட்டப்படாமல் ஓடும். காணிக்கு ஒரு கிணறு, ஒரு குழி என்ற பழைய வழக்கம் 40 வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்துக்குப் பொருந்தாது. அடிப்பாகம் மூடிய தொட்டிகளை அமைத்து, வழியும் நீரைக் குழாயில் கொண்டுபோய், கிணறுகளுக்கு எட்டாத தாழ்ந்த மூலையில் பொதுச் சுத்திகரிப்புப் படுகையில் சேருங்கள். தொட்டியை உறிஞ்சும் வண்டி ஒவ்வொரு வீட்டுக்கும் போகத்தக்கதாக ஒழுங்கையின் அகலமும் திருப்பமும் இருக்கட்டும்.

இப்போதுதான் வீதி. பண்ணைத் தாம்போதியைத் தாண்டி, வேலணை வழியாக, வாணர் பாலத்தால் வரும் ஒரே தரைப்பாதை உங்களுடையது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அதே பாதையால்தான் வருகிறார்கள். நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் கல், மணல் லொறிகளை விடாதீர்கள். அம்புலன்ஸுக்கும் அதுவே வழி. வீடுகளைக் காணியின் பின்கோடியில் தள்ளாமல், பஸ் ஓடும் வீதிக்கு முதியவர் நடந்து வரக்கூடிய தூரத்தில் வையுங்கள். உள்வீதிகளுக்கு முதலில் கல் அடித்தளம் மட்டும் போதும். குழாய்களைப் புதைத்து, லொறி ஓட்டம் ஓய்ந்த பிறகு தார் போடுங்கள். வீதியை உயர்த்தினால் மதகு வையுங்கள். குளத்துக்குப் போகும் வெள்ளத்தை மறித்த வீதி வீட்டையும் கெடுக்கும், கிணற்றையும் கெடுக்கும்.

மின்சாரத்தில் உங்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு போலன்றி, தரைப்பாதையுள்ள புங்குடுதீவுக்குப் பிரதான மின்வலையமைப்பு வருகிறது. மின்மாற்றிக்கான விண்ணப்பத்தை அத்திவாரம் வெட்டும்போதே மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். கம்பங்களின் இரும்பு உறுப்புகள் உப்புக்காற்றைத் தாங்கும் துத்தநாகமுலாம் பூசியவையாக இருக்கவேண்டும்.

ஒரே மூலத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். 2014 டிசம்பரில் மாலைதீவின் தலைநகர் மாலேயில் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடிநீரின்றித் தவித்தார்கள். இந்தியா விமானத்தில் தண்ணீர் அனுப்ப வேண்டியிருந்தது. குழாய், கிணறு, மழைத்தாங்கி மூன்றும் இருக்கட்டும். பொதுத்தாங்கியில் ஐந்து நாள் குடிநீர் எப்போதும் நிற்கட்டும்.

புரட்டாதி அளவீட்டில் 25 வீடுகளுக்கே நீர் போதும் என்று வந்தால் 25 வீடுகளை மட்டும் கட்டுங்கள். 1991 இடப்பெயர்வுக்குப் பின் பூட்டியும் இடிந்தும் கிடக்கும் வீடுகள், வீதியும் மின்கம்பமும் ஏற்கெனவே உள்ள இடங்களில் இருக்கின்றன. மற்றப் பதினைந்து குடும்பங்களுக்காக அவற்றின் உரிமையாளர்களோடு பேசத் தொடங்குங்கள். அவர்களில் பலர் உங்கள் நகரங்களிலேயே இருப்பார்கள்.