பதிவுத் தபாலை எடுக்காமல் விடாதீர்கள்: சாரதி அனுமதிப்பத்திரமும் மீள்பயிற்சி வகுப்பும் – கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் அநேகமானவை, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காகத் திருகோணமலையிலிருந்து பெற்றோரும் உறவினரும் கேட்டவை. "வகுப்புக்குப் போனால் லைசன்ஸ் தப்புமா?" என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. சில நாடுகளில் தப்பும், சில நாடுகளில் அப்படியொரு வகுப்பே கிடையாது. வகுப்பு இருக்கும் இடங்களிலும் ஒரு கிழமை முந்தினால் ஒரு பலன், ஒரு கிழமை பிந்தினால் வேறு பலன். ஆகவே பதில்களில் வரும் திகதிக் கணக்கைக் கவனமாகப் படியுங்கள்.

மகன் பாரிஸில் லைசன்ஸ் எடுத்து எட்டு மாதம். கைத்தொலைபேசியைப் பிடித்தபடி ஓடினார் என்று 135 யூரோ தண்டம் வந்திருக்கிறது. உடனே வகுப்புக்குப் போகட்டுமா? (தாய், நிலாவெளி)

கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா. பிரான்ஸில் லைசன்ஸோடு புள்ளிகள் தருவார்கள், குற்றம் செய்தால் கழியும், பூச்சியமானால் லைசன்ஸ் செல்லாது. புதிய சாரதிக்கு முதலில் 6 புள்ளிகள்தான். மூன்று வருடம், குற்றமில்லாமல் ஓடினால் படிப்படியாக 12 ஆகும். கைத்தொலைபேசிக்கு 3 புள்ளி போகும். இந்த மூன்று வருடத்துக்குள் ஒரே குற்றத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் புள்ளி போனால் "48 என்" என்ற கடிதம் பதிவுத் தபாலில் வரும். அது கையில் கிடைத்த நாளிலிருந்து 4 மாதத்துக்குள் இரண்டு நாள் வகுப்பை முடித்தே ஆகவேண்டும். அங்கே அதை "ஸ்தாஜ்" என்பார்கள்.

பிள்ளைகள் அவசரப்பட்டுக் கடிதம் வரமுன்பே போய்விடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. அப்படிப் போனால் அது சொந்த விருப்பில் போன வகுப்பாகவே பதியப்படும். பிறகு கடிதம் வரும்போது கட்டாய வகுப்புக்கு மறுபடியும் பணம் கட்டிப் போகவேண்டி வரும். கடிதம் வந்த பிறகு போனால் இரண்டு நன்மை. இழந்த புள்ளி திரும்பும் (4 வரை, ஆனால் அவருடைய உச்சமான 6 ஐத் தாண்டாது). கட்டிய தண்டப் பணத்தையும் சான்றிதழைக் காட்டித் திருப்பிக் கேட்கலாம். போகாமல் விட்டால் இன்னொரு 135 யூரோ தண்டமும், மூன்று வருடம் வரை அனுமதிப்பத்திர இடைநிறுத்தமும் வரலாம்.

வகுப்பு தொடர்ச்சியான இரண்டு நாளில் 14 மணித்தியாலம். 6 முதல் 20 பேர் இருப்பார்கள். ஓர் உளவியலாளரும் ஒரு வீதிப் பாதுகாப்புப் பயிற்றுநரும் நடத்துவார்கள். கடைசியில் பரீட்சை இல்லை. ஆனால் இரண்டு நாளும் முழுமையாக இருக்கவேண்டும். காலையில் பிந்திப் போனாலோ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பாவிட்டாலோ சான்றிதழ் கிடையாது. அனுமதிப்பத்திரம், 48 என் கடிதம் இரண்டையும் கையோடு கொண்டு போகட்டும். சான்றிதழின் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும்.

தம்பிக்குப் பிரான்ஸில் 12 இல் 3 புள்ளிதான் மிச்சம். போன மாதம் சிவப்பு விளக்கைத் தாண்டியதாகக் கடிதம். லைசன்ஸ் போய்விடுமா? (உப்புவெளி)

இன்னும் காப்பாற்றலாம், ஆனால் நாள்கள் எண்ணி நடக்கவேண்டும். சிவப்பு விளக்குக்கு 4 புள்ளி. இப்போது அவரிடம் 3. தண்டத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகி, புள்ளி கழிக்கும் வேலை தொடங்கிவிடும். கட்டுவதற்கு 45 நாள் உண்டு. 15 நாளுக்குள் கட்டினால் 135 யூரோ 90 ஆகும் என்பதற்காகப் பலர் உடனே கட்டிவிடுகிறார்கள். இவருடைய நிலையில் அந்த 45 யூரோ லாபம் லைசன்ஸையே கொண்டுபோய்விடக்கூடும்.

முதலில் வகுப்பைப் பதிவு செய்து முடிக்கட்டும். வகுப்பின் கடைசி நாளுக்கு மறுநாள் 4 புள்ளி சேரும்: 3 + 4 = 7. பிறகு தண்டம் கட்டி 4 கழிந்தாலும் 3 மிஞ்சும். வகுப்புக்குப் போகமுன் கழிந்தால் பூச்சியம். அதன் பிறகு எந்த வகுப்பும் உதவாது. 45 நாளைத் தாண்டவும் விடக்கூடாது, தண்டம் 375 யூரோ ஆகிவிடும். இந்த வகுப்பை ஒரு வருடத்தில் ஒரு தடவைதான் எடுக்கலாம் என்பதால் கடைசியாக எப்போது போனார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

புள்ளி பூச்சியமானால் வரும் கடிதம் "48 எஸ்.ஐ." அது வீட்டுக்கு வரும்போது ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் பெட்டியில் ஒரு துண்டு போட்டுவிட்டுப் போவார், கடிதம் தபாலகத்தில் 15 நாள் இருக்கும். "எடுக்காவிட்டால் கிடைக்காத மாதிரித்தானே" என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. துண்டு போட்ட நாளே கடிதம் கிடைத்த நாள். அன்றிலிருந்து அவர் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடுபவர். 10 நாளுக்குள் அட்டையை ஒப்படைத்து, 6 மாதம் காத்திருந்து, மருத்துவப் பரிசோதனையும் உளவியல் பரிசோதனையும் செய்து புதிதாக எடுக்கவேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் லைசன்ஸ் வைத்திருந்தவர் உரிய காலத்தில் விண்ணப்பித்தால் எழுத்துப் பரீட்சை மட்டும் போதும்.

கணவர் அபுதாபியில் வான் ஓடுகிறார். 16 கறுப்புப் புள்ளி இருக்கிறதாம். (கிண்ணியா)

அமீரகத்தில் புள்ளி கழிவதில்லை, ஏறும். 24 ஆனால் முதல் தடவை 3 மாதம் லைசன்ஸ் பறிபோகும், இரண்டாம் தடவை 6 மாதம், மூன்றாம் தடவை ஒரு வருடம். சிவப்பு விளக்கை ஒரு தடவை மீறினாலே 12 புள்ளி, கைத்தொலைபேசிக்கு 4. அவர் இன்னொரு சிவப்பு விளக்கைத் தாண்டினால் கதை முடிந்தது. சாரதி வேலைக்குப் போனவருக்கு லைசன்ஸ் போவது வேலை போவதற்குச் சமம், ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

24 ஐத் தொடமுன் பயிற்சி வகுப்புக்குப் போனால் வருடத்தில் ஒரு தடவை 8 புள்ளி குறைக்கலாம். அபுதாபியில் இதற்கு 800 திர்ஹம். 24 ஆன பிறகு லைசன்ஸை மீட்கும் வகுப்புக்கு 2,400 திர்ஹம். அண்மை ஆண்டுகளில் ஒகஸ்ட் கடைசியில் பள்ளிகள் திறக்கும் நாளை "விபத்தில்லா நாள்" என்று அறிவித்து, இணையத்தில் உறுதிமொழி கொடுத்து அன்று குற்றமில்லாமல் ஓடியவர்களுக்கு 4 புள்ளி குறைத்தார்கள். அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மகள் லண்டனில் லைசன்ஸ் எடுத்து ஆறு மாதம். 30 மைல் வீதியில் 37 மைலில் போனாராம். கார் மாமனாரின் பெயரில். கடிதம் அவருக்குத்தான் வந்தது, அவர் மேசையில் வைத்துவிட்டாராம். (உவர்மலை)

அந்தக் கடிதத்தை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். அது தண்டக் கடிதம் அல்ல, "ஓடியது யார்" என்று கேட்கும் கடிதம். 28 நாளுக்குள் பதில் போகவேண்டும். மாமனார் பதில் எழுதாவிட்டால் அவருக்கு 6 தண்டப் புள்ளி. அவர் மகளின் பெயரை எழுதி, அடுத்த கடிதம் மகளுக்கு வந்து, மகளும் விட்டுவிட்டால் மகளுக்கு 6 புள்ளி. பிரித்தானியாவில் லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி வந்தால் அது இரத்து. திரும்ப லேனர்ஸ் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எழுதவேண்டும். வேகத்துக்கு 3 புள்ளிதான், மௌனத்துக்கு 6.

37 மைல் என்பது பொதுவாக வேக விழிப்புணர்வு வகுப்புக்குக் கூப்பிடும் எல்லைக்குள் வரும் (30 மைல் வீதியில் 35 முதல் 42). கூப்பிடுவது பொலிஸின் விருப்பம். கேட்டு வாங்க முடியாது. முந்தைய மூன்று வருடத்தில் இதே வகுப்புக்குப் போயிருந்தால் கூப்பிட மாட்டார்கள். வகுப்பை முடித்தால் 100 பவுண் தண்டமும் இல்லை, 3 புள்ளியும் இல்லை. வகுப்புக் கட்டணம் மட்டும். இணையவழி என்றால் கமரா முழுநேரமும் திறந்திருக்கவேண்டும். காருக்குள் இருந்தோ, வேலைத்தலத்தில் நின்றோ இணைந்தால் வெளியேற்றிவிடுவார்கள்.

மாமனாருக்குப் புள்ளி ஒன்றும் இல்லை. அவர் ஓடியதாக எழுதினால் என்ன? (அதே வாசகர்)

வேண்டவே வேண்டாம். அது நீதியின் போக்கைக் கெடுக்கும் குற்றம், சிறைத்தண்டனை உண்டு. பிரித்தானிய முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூனும் அவருடைய முன்னாள் மனைவியும் இதே வேலைக்காக 2013 இல் ஆளுக்கு 8 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். 3 புள்ளிக்காகக் குடும்பத்தில் இரண்டு பேர் நீதிமன்றம் ஏறவேண்டாம்.

அண்ணன் இங்கிலாந்தில் குடித்துவிட்டு ஓடிப் பிடிபட்டார். 12 மாதத் தடை. குறைக்க வழியுண்டா? (அன்புவழிபுரம்)

உண்டு. ஆனால் தண்டனை சொல்லும் நாளில் நீதிமன்றமே வகுப்பை முன்வைத்திருக்கவேண்டும், அவரும் சம்மதித்திருக்கவேண்டும். தீர்ப்புக் கடிதத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு சுமார் 16 மணித்தியாலம், மூன்று நாளாகப் பிரித்து நடக்கும். கட்டணம் 250 பவுண் வரை. முடித்தால் தடை கால்வாசி குறையும்: 12 மாதம் 9 மாதமாகும்.

பலர் தவறவிடுவது முடிக்கவேண்டிய திகதியை. குறைந்த தடை முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே வகுப்பு முடிந்திருக்கவேண்டும். அதாவது அவர் ஏழாம் மாதத்துக்குள் முடிக்கவேண்டும், ஒன்பதாம் மாதத்தில் அல்ல. தடை முடிந்ததும் லைசன்ஸ் தானாக வராது, விண்ணப்பிக்கவேண்டும். மூச்சுப் பரிசோதனையில் அளவு சட்ட எல்லையைவிட இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ இருந்திருந்தால் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. மிதமிஞ்சிய குடிப்பழக்கம் இன்னும் இருக்கிறதா என்பதை அங்கேதான் பார்ப்பார்கள்.

ஜேர்மனியில் மருமகன், லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம். 25 கிலோமீற்றர் கூடுதல் வேகம். (தம்பலகாமம்)

அங்கே புதிய சாரதிக்கு இரண்டு வருடச் சோதனைக் காலம். 21 கிலோமீற்றரும் அதற்கு மேலும் கூடுதலாக ஓடினால் பாரதூரமான குற்றமாகக் கணக்கெடுத்து, "அவுஃப்பவ் செமினார்" என்ற மீள்பயிற்சிக்குப் போகும்படி உத்தரவு வரும். சோதனைக் காலமும் நான்கு வருடமாகும். 135 நிமிடம் கொண்ட நான்கு அமர்வுகள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் குறைந்தது 30 நிமிடம் பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்து வாகனம் ஓடிக் காட்டவேண்டும். அது பரீட்சையல்ல, பயப்பட ஒன்றுமில்லை. குழுவுக்கு 6 முதல் 12 பேர் தேவை என்பதால் சிறிய ஊரில் குழு சேரும்வரை காத்திருக்க நேரும். உத்தரவில் உள்ள கடைசித் திகதி தாண்டினால் லைசன்ஸ் பறிபோகும். ஆகவே கடிதம் வந்த கிழமையே பதிவு செய்வது நல்லது. இந்த வகுப்பால் புள்ளி குறையாது.

ஸ்காபரோவில் மகனுக்குப் புள்ளி ஏறிவிட்டது. எந்த வகுப்புக்குப் போகலாம்? (லிங்கநகர்)

ஸ்காபரோ இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் புள்ளியைக் குறைக்கும் வகுப்பு இல்லை. குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்தில் தானாகப் போகும். முழு லைசன்ஸ் என்றால் 15 இல் இடைநிறுத்தம், புதிய சாரதிக்கு 9 இல். "புள்ளி குறைத்துத் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம்.

நான் திருகோணமலை நகரில் ஓட்டோ ஓடுகிறேன். பொலிஸ் லைசன்ஸை எடுத்துக்கொண்டு தண்டப் பத்திரம் தந்தது. 16 நாள் ஆகிவிட்டது. சாரதிப் பாடசாலையில் ஒரு வகுப்புச் சான்றிதழ் எடுத்தால் உதவுமா?

உதவாது. உங்கள் லைசன்ஸ் இன்னும் இடைநிறுத்தப்படவில்லை, பொலிஸ் நிலையத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பத்திரம் 14 நாளுக்குத்தான் தற்காலிக அனுமதி. அது முடிந்துவிட்டதால் இன்று ஓட்டோவை எடுக்காதீர்கள். 14 நாள் தாண்டியதால் தண்டம் இரட்டிப்பாகியிருக்கும், நேரே தபாலகத்துக்குப் போய் அதைக் கட்டுங்கள். 28 நாள் வரை அதற்கு இடமுண்டு, அதன் பிறகு வழக்குத்தான். பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி லைசன்ஸைத் திருப்பி எடுங்கள், சீட்டின் ஒரு படத்தையும் கைத்தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீதவான் நீதிமன்றம் உத்தரவிட்ட இடைநிறுத்தம் என்றால் நிலை வேறு. எந்தச் சாரதிப் பாடசாலையின் சான்றிதழும் அந்த நாள்களைக் குறைக்காது. உத்தரவில் பிழை இருப்பதாக நினைத்தால் 14 நாளுக்குள் மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யவேண்டும். அதற்குத் தீர்ப்பின் பிரதியோடு சட்டத்தரணியிடம் அந்த வாரமே போங்கள்.