சர்க்கரையைக் குறைக்கக் குறுக்கு வழி கூடாதா?

கேள்வி: எனக்கு வயது 43. சர்க்கரை நோய் இல்லை. ஆனால் எடை கூடிவருவதால், இனிப்பைக் குறைக்க வேண்டும் என்று அடிக்கடி உறுதி எடுத்துக்கொள்கிறேன். பகலெல்லாம் தாக்குப்பிடித்துவிட்டு, அலுவலகத்தின் மாலைத் தேநீரிலும் இரவில் வீட்டு பிஸ்கட் டப்பாவிலும் தோற்றுப்போகிறேன். இனிப்பு மாத்திரை போட்டுக்கொள் என்கிறார் கணவர். கருப்பட்டிக்கு மாறு என்கிறார் மாமியார். இப்படிக் குறுக்கு வழி தேடுவது மன உறுதி இல்லை என்பதைத்தானே காட்டுகிறது?
– வாசகி, ஈரோடு

பதில்: குறுக்கு வழி என்றாலே இழுக்கு என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இனிப்பை உங்கள் கைக்கு எட்டாமல் வைக்கும் வழி ஒன்று, இனிப்பை வேறு உருவில் நீட்டிக்கொண்டே போகும் வழி மற்றொன்று. முதலாவதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மாலையானால் மன உறுதி தீர்ந்துபோகிறது என்ற எண்ணத்துக்கு ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு. சாக்லேட் பிஸ்கட் மணக்கும் அறையில் முள்ளங்கியை மட்டும் தின்ன அனுமதிக்கப்பட்டவர்கள், பிறகு கொடுத்த புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ராய் பாமைஸ்டர் குழுவினர் 1998-இல் எழுதினார்கள். ஆனால் 2016-இல் 23 ஆய்வகங்கள் வேறொரு சோதனையின் மூலம் அதே கருத்தைப் பரிசோதித்தபோது, சொல்லும்படியான விளைவு எதுவும் தென்படவில்லை. எனவே உங்கள் உறுதி மாலையில் வற்றிவிடுகிறது என்று நம்பி மனம் நோகத் தேவையில்லை. மாறாக, வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் நடத்திய புகழ்பெற்ற சோதனைகளில், தின்பண்டம் கண்ணில் படாமல் மூடிவைக்கப்பட்டபோது குழந்தைகள் வெகுநேரம் காத்திருந்தார்கள். உங்கள் பிஸ்கட் டப்பாவுக்கும் இது பொருந்தும்: இரவு பத்து மணிக்கு அதன் முன்னால் நின்று போராடுவதைவிட, மளிகைச் சீட்டு எழுதும்போதே பிஸ்கட்டை விட்டுவிடுவது எளிது.

தேநீருக்கு இன்னும் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். அலுவலகங்களுக்கு ஃபிளாஸ்க்கில் வரும் தேநீரில் பெரும்பாலும் சர்க்கரை முன்பே கலந்திருக்கும். அங்கே உங்கள் உறுதிக்கு வேலையே இல்லை. சர்க்கரை போடாத தேநீரைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது கடைக்கே சென்று குடியுங்கள். பல கடைகளில் தம்ளரில் சர்க்கரையைப் போட்ட பிறகே பாலையும் டிகாக்‌ஷனையும் ஊற்றுகிறார்கள் என்பதால், மாஸ்டரின் கை சர்க்கரை டப்பாவுக்குப் போவதற்கு முன்பே ‘அரைச் சர்க்கரை’ என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, சில வாரங்கள் கழித்து ஒன்றாக்கினால், நாக்கு பழகிக்கொள்ளும். பழைய அளவு பிறகு திகட்டவே செய்யும். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 முதல் 5 கிராம். நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு, இப்படிச் சேர்க்கும் சர்க்கரை நாள் முழுவதற்கும் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டுப் பரிந்துரை.

கணவர் சொல்லும் மாத்திரை, நான் முதலில் சொன்ன இரண்டாவது வழி: இனிப்பை வேறு உருவில் நீட்டுவது. எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023 மே மாதம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அதற்காக மாத்திரையை நஞ்சு என்று அஞ்ச வேண்டியதில்லை. இத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் உள்ள ஆஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டிக்கான அன்றாட வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பது, 2023-இல் மறுபரிசீலனை செய்யப்பட்ட பிறகும் மாறவில்லை. என் குறை வேறு: மாத்திரை போட்ட தேநீரும் அதே தித்திப்பாக இருப்பதால், நாக்கு குறைந்த இனிப்புக்குப் பழகும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான். அதில் சில தாது உப்புகள் இருந்தாலும், ஒரு தம்ளர் காபியில் சேரும் அளவில் அவை பெரிய பயன் தருவதில்லை; கலோரியோ ஏறக்குறைய அதேதான். இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது இந்தப் பகுதியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கேள்வி: சர்க்கரை சேர்க்காத பழச்சாறு குடிக்கலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: பழத்தையே தின்னுங்கள். சாறாகப் பிழிந்த பழத்தின் சர்க்கரையை, தேநீரில் போடும் சர்க்கரையோடு சேர்த்தே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முழுப் பழத்தில் உள்ளதை அப்படிக் கணக்கிடுவதில்லை. ஒரு தம்ளர் சாற்றுக்கு மூன்று நான்கு ஆரஞ்சு பிழிய வேண்டியிருக்கும், நார்ச்சத்தில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும்.