வாலை அடித்துக் கொத்த வரும் குட்டிப் பாம்பை எப்படிப் பழக்குவது?

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். நாலு மாத கார்ன் ஸ்னேக் குட்டி வாங்கி மூன்று நாள் ஆகிறதாம். மூடியைத் திறந்தாலே வாலைப் படபடவென்று அடிக்கிறது, கையை நீட்டினால் கொத்த வருகிறது, தினமும் அரை மணி நேரம் கையில் வைத்தும் அடங்கவில்லை, பாம்புக் கோயிலில் எல்லாம் சும்மாதானே கிடக்கின்றன என்கிறார்.

தம்பி, கோயில் பாம்போடு இதை ஒப்பிடாதீர்கள். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் கிளையில் சுருண்டு கிடப்பவை விஷமுள்ள விரியன் வகை. பகலில் அசையாமல் கிடப்பதே அவற்றின் சுபாவம், பழகிவிட்டதால் அல்ல. உங்களுடையது வட அமெரிக்க இனம், விஷம் கிடையாது, ஆனால் பென்சில் தடிமன்தான் இருக்கிறது. பறவை முதல் பெரிய பாம்பு வரை எல்லாமே தின்ன வரும் வயது அது. மேலிருந்து இறங்கும் உங்கள் கை அதற்குப் பருந்தாகத்தான் தெரியும். கோபம் இல்லை, பயம்.

அதனால் இன்றிலிருந்து ஒரு வாரம் தொடவே தொடாதீர்கள். தண்ணீர் மாற்றுங்கள், அழுக்கை எடுங்கள், அவ்வளவுதான். ஒளிய இரண்டு இடம் வேண்டும், வெப்பமான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. நான் தேங்காய்ச் சிரட்டையின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வாசல் அறுத்து, பிசிறைத் தேய்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பேன். உடம்பு சுற்றிலும் முட்டுகிற அளவுக்கு இடுக்காக இருந்தால்தான் குட்டிக்கு நிம்மதி. வெப்பமான பக்கம் 29, 30 டிகிரி போதும். பினாங்கு வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும், ஆனால் இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறையில் பெட்டி இருந்தால் தின்றது செரிக்காமல் கக்கிவிடும்.

இரண்டு தடவை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு தொடங்குங்கள், சாப்பிட்டு 48 மணி நேரம் கழித்து. எலி வாசனை போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பக்கவாட்டிலிருந்து போய், உடம்பின் நடுவில் அள்ளி, இரண்டாவது கையையும் அடியில் கொடுங்கள். தலையைப் பிடிக்கவே கூடாது. கொத்துமோ கொத்துமோ என்று பாதியில் நிற்கும் கையைத்தான் அது கொத்தும், ஆகவே மெதுவாக, ஆனால் நிற்காமல் போங்கள். கையில் வந்ததும் ஓடத்தான் பார்க்கும். இறுக்காமல், ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு ஓடவிடுங்கள். ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். அது பதறும்போது பெட்டியில் போடாதீர்கள், கொஞ்சம் அடங்கியதும் விடுங்கள். கொத்தினால் விட்டுவிடுவார்கள் என்று கற்றுக்கொள்ளக் கூடாது.

கொத்தினாலும் ஊசி குத்திய மாதிரிதான் இருக்கும். கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், பற்கள் உள்நோக்கி வளைந்தவை, பல் ஒடியும். அதுவாக விட்டதும் சோப்பால் கழுவுங்கள். கையுறை வேண்டாம், பிடி எவ்வளவு இறுகுகிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

கண் நீலம் பூத்தால் சட்டை உரிக்கப் போகிறது. பார்வை மங்கிப் பயம் கூடும், உரித்து முடிக்கும் வரை விட்டுவிடுங்கள்.

அப்புறம், கழுத்தை 'எஸ்' மாதிரி மடக்கியிருந்தால் அன்று எடுக்க வேண்டாம். நாக்கை நிதானமாக நீட்டி உங்கள் மணிக்கட்டை முகர்ந்துகொண்டே ஊர்கிறதா, அன்றைக்குப் பத்து நிமிடம் வைத்திருங்கள்.